எழுந்து நிற்கும் கால்கள்

வணக்கம் சார்,

எல்லோரும் சமம் என்று ஓயாமல் பேசுகிறவன் நான். ஆனால் மேலதிகாரி அறைக்குள் வந்தால் கால்கள் தாமாக எழுந்துவிடுகின்றன. வீட்டில் மகன் எதிர்க்கேள்வி கேட்டாலோ கோபம் தலைக்கேறுகிறது. நான் போடுவது வேஷமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

வேஷம் என்று சொல்ல மாட்டேன். பணிவு, அதட்டல், சமத்துவ ஆசை மூன்றும் உங்களுடையவைதான்.

ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைவனத்துக் குங் இன வேட்டைக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மானுடவியலாளர் ரிச்சர்ட் லீ 1969இல் அதைப் பற்றி எழுதினார். ஒருவன் நல்ல கொழுத்த விலங்கை வீழ்த்தினால் யாரும் பாராட்ட மாட்டார்கள். "இந்த எலும்பைச் சுமக்கவா எங்களை இவ்வளவு தூரம் வரச்சொன்னாய்?" என்கிற தினுசில் கேலிதான். வேட்டையாடியவனும் கூடச் சேர்ந்து தன் வேட்டையை மட்டம்தட்ட வேண்டியிருந்தது. காரணமும் சொன்னார்கள்: இளைஞன் நிறைய வேட்டையாடினால் தன்னைத் தலைவனாகவும் மற்றவர்களை வேலைக்காரர்களாகவும் நினைக்கத் தொடங்குவான், அதற்கு முன்பே அடக்கிவைக்கிறோம்.

அதிகார ஆசை இல்லாதவர்களுக்கு இப்படி ஒரு ஏற்பாடு எதற்கு? கிறிஸ்டோஃபர் போம் என்ற மானுடவியலாளர் இத்தகைய குழுக்களை ஆராய்ந்து சொன்னதும் இதைத்தான். மேலே ஏற எல்லோருக்கும் ஆசை. அது முடியாதபோது, வேறொருவன் ஏறிவிடாமல் சேர்ந்து பார்த்துக்கொள்கிறார்கள். சமத்துவம் சும்மா கிடைப்பதில்லை, தினமும் காவல் காக்க வேண்டியிருக்கிறது.

சரி, உங்கள் கால்களுக்கு வருவோம். 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனை பிரபலமானது. ஆய்வாளர் சொன்னார் என்பதற்காக 40 பேரில் 26 பேர், இன்னொருவருக்கு 450 வோல்ட் வரை மின்னதிர்ச்சி தருவதாக நம்பிக்கொண்டே விசையை அழுத்தினார்கள். இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதன் இன்னொரு வடிவம்தான் முக்கியம். பக்கத்தில் சக பங்கேற்பாளர்களாக நடித்த இருவர் நடுவிலேயே மறுத்து விலகியபோது, கடைசிவரை போனவர்கள் 40இல் 4 பேர்தான். உத்தரவு போட்டவர் அப்படியேதான் இருந்தார், பக்கத்தில் இருந்தவர்கள்தான் மாறினார்கள். மேலதிகாரி வரும்போது உங்கள் பக்கத்து இருக்கைக்காரர் என்ன செய்கிறார் என்று ஒருமுறை கவனியுங்கள்.

மகன் விஷயம் கொஞ்சம் கஷ்டம். அந்த வேட்டைக்காரர்கள் செய்ததைத்தான் அவனும் செய்கிறான், இந்த முறை கொழுத்த விலங்கோடு வந்து நிற்பது நீங்கள்.

அப்புறம், கடிதத்தை 'சார்' என்று தொடங்கியிருக்கிறீர்கள். வேண்டாம் என்று எழுத நினைத்தேன். ஆனால், உண்மையைச் சொன்னால், பிடித்துத்தான் இருந்தது.