ஒரு தடவை கொலுசு தேடினதுக்கு போற இடமெல்லாம் கொலுசு விளம்பரமா?

கேள்வி: வணக்கம்ங்ணா, சேலம் அம்மாபேட்டையில இருந்து எழுதறேன். பொண்ணோட சீருக்கு வெள்ளிக் கொலுசு டிசைன் பாக்கலாம்னு போன்ல தேடினேன், அன்னையில இருந்து பேஸ்புக், யூடியூப், நியூஸ் எதைத் தொறந்தாலும் கொலுசுதான், வீட்டுக்காரர் போன்லயும் அதேதான் வருது. பயந்துபோய் எல்லா ஹிஸ்டரியையும் ஆஃப் பண்ணிட்டேன். இப்ப யூடியூப் முகப்புல ஒண்ணுமே வரல, தையல் வீடியோ எல்லாம் காணோம். எதை வெச்சுக்கறது, எதை நிறுத்தறதுங்ணா?

பதில்: எல்லாத்தையும் நிறுத்த வேண்டியதில்லீங்க. யூடியூப்ல வாட்ச் ஹிஸ்டரிய ஆஃப் பண்ணிட்டு பழசையும் அழிச்சா முகப்பு காலியாத்தான் இருக்கும், ஏன்னா நீங்க என்ன பாத்தீங்கன்னு தெரிஞ்சாத்தான் அது அடுத்தத காட்டும். அதைத் திரும்ப ஆன் பண்ணிட்டு, ஆட்டோ டெலீட்ல 3 மாசம்னு வெச்சிருங்க, தையல் வீடியோவும் வரும், பழசா பாத்த பட்டியலும் தானா அழிஞ்சிரும்.

கொலுசு துரத்தறது வேற கதை. நீங்க தேடிப்போன கடை வெப்சைட்லயே விளம்பர கம்பெனிங்களோட குக்கீ இருக்கும், அதாவது நீங்க வந்துட்டு போனத ஞாபகம் வெச்சுக்க உங்க பிரவுசர்ல போட்டு வெக்கற சின்னக் குறிப்பு. ஆப்புங்களுக்கு உங்க போன்ல இருக்கற விளம்பர ஐடி, அதாவது விளம்பரத்துக்குன்னே இருக்கற அடையாள நம்பர். இது ரெண்டும்தான் இந்த கொலுசு பாத்த ஆள் இவங்கதான்னு அடுத்த இடத்துல அடையாளம் காட்டுது. ஆண்ட்ராய்டு செட்டிங்ஸ்ல கூகுள், அதுக்குள்ள ஆட்ஸ் போனா விளம்பர ஐடிய டெலீட் பண்ற வசதி இருக்கு, பண்ணிருங்க. குரோம்ல தேர்ட் பார்ட்டி குக்கீயையும், அதாவது நீங்க போன சைட் இல்லாம வெளி கம்பெனிங்க போடற குக்கீயையும், பிளாக் பண்ணுங்க. விளம்பரம் நிக்காது, ஆனா ஆள் பாத்து துரத்தறது நல்லாவே கொறையும். வீட்டுக்காரர் போன்ல வருதுன்னா ரெண்டு போன்லயும் ஒரே ஜிமெயில் இருக்கான்னு முதல்ல பாருங்க, இல்லன்னா ஒரே வைஃபைல இருக்கறதாலயும் வரும்.

இதெல்லாத்தையும் விட எனக்கு பெரிய கவலை உங்க போன் நம்பர்தான். குக்கீய அழிச்சிரலாம், ஐடிய டெலீட் பண்ணிரலாம், நம்பர மாத்த முடியுங்களா? பேங்க், ஆதார், கேஸ் புக்கிங் எல்லாம் அதுலதான் கெடக்கு. செவ்வாப்பேட்டை கடைவீதியில கொலுசு வாங்கப் போறீங்க, பில் போடற பொண்ணு நிமிர்ந்துகூட பாக்காம "நம்பர் சொல்லுங்க"ன்னு கேக்கும், நாமளும் பழக்கத்துல பத்து நம்பரையும் ஒப்பிச்சிருவோம். அந்த நம்பர பேஸ்புக், கூகுள்ல ஏத்தி, நம்ம கஸ்டமருக்கு மட்டும் விளம்பரம் காட்டுன்னு கடைக்காரங்க சொல்லலாம், அதுக்கு வசதியே இருக்கு. நம்பர் குடுக்கலன்னா பில் இல்லன்னு வற்புறுத்தக் கூடாதுன்னு 2023 மே மாசமே மத்திய நுகர்வோர் துறை கடைங்களுக்கு சொல்லிருச்சு. பில்லுல எடை, செய்கூலி, சேதாரம் இருக்கணும், உங்க நம்பர் இருக்கணும்னு இல்ல. பில் தராம இழுத்தடிச்சா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போட்டு புகார் சொல்லுங்க, தயங்காதீங்க.

லொக்கேஷனையும் மொத்தமா மூடிடாதீங்க. ஏற்காட்டுல மழையான்னு பாக்கற ஆப்புக்கு நீங்க எந்தத் தெருவுல இருக்கீங்கன்னு எதுக்குங்க, தோராயமான இடம்னு குடுங்க போதும், மேப்புக்கு மட்டும் துல்லியமா, அதுவும் ஆப் ஓடும்போது மட்டும். தையல் அளவு ஆப், டார்ச் லைட் ஆப் லொக்கேஷன் கேட்டா மறுத்திருங்க, அடம் புடிச்சா தூக்கிருங்க.