தாடை 'டக்' என்றால் கழுத்து கழன்றுவிடுமா?

கேள்வி: வயது 38, ஆசிரியை. கொட்டாவி விட்டால் வலது தாடையில் 'டக்' என்று சத்தம். பிடரியும் வலிக்கிறது. ஸ்கேனில் சி5-சி6 டிஸ்க் பல்ஜ், அதாவது கழுத்தின் ஐந்தாம், ஆறாம் எலும்புகளுக்கு நடுவிலுள்ள மெத்தை புடைத்திருக்கிறதாம். தாடை கோணினால் கழுத்தெலும்பு விலகி, கைகால் விழுந்துவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். மெடிக்கலில் தசை தளர்த்தும் மாத்திரை வாங்கி இரண்டு வாரமாகப் போடுகிறேன். காலரும் அணிகிறேன்.

பதில்: விழாது. தாடை எந்த எலும்பையும் இழுத்து விலக்குவதில்லை.

ஆனால் இரண்டுக்கும் உறவு உண்டு. முகத்தின் உணர்வு நரம்பும் கழுத்தின் முதல் மூன்று நரம்புகளும் தண்டுவடத்தின் மேல்பகுதியில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அதனால் வலி எங்கே கிளம்பியது என்று மூளை குழம்பும். வாயை அகலத் திறந்து பாருங்கள், தலை தானாகச் சற்றுப் பின்னால் சாயும். கழுத்து இறுகினால் தாடையும் தடுமாறும். நாளெல்லாம் குனிந்து நோட்டு திருத்துகிறவருக்கு இரண்டும் சேர்ந்து வலிப்பது அதிசயமா? அந்த சி5-சி6 நரம்பு தோளுக்கும் கைக்கும் போவது, தாடைக்கு அல்ல. கை மரப்பு, நடைத் தடுமாற்றம் என்று நீங்கள் எதுவும் எழுதவில்லை. ஸ்கேனை மடித்து வையுங்கள்.

வலியில்லாத சத்தத்துக்கு வைத்தியமே வேண்டாம். சத்தம் திடீரென்று நின்றுபோனால்தான் நான் கவலைப்படுவேன். தாடை மூட்டுக்குள் முன்னால் நழுவிய தட்டு, வாய் திறக்கும்போது திரும்ப இடத்தில் உட்காருகிற ஓசைதான் 'டக்'. ஒருநாள் அது காணாமல்போய், வாயும் பாதிதான் திறக்கிறது என்றால், தட்டு வழியிலேயே மாட்டிக்கொண்டிருக்கலாம். சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டு, மாதக்கணக்கில் கழித்து வருகிறார்கள். உங்கள் கையின் நடு மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். மூன்றும் நுழைந்தால் நல்லது. இரண்டுக்கே திண்டாட்டம் என்றால் அந்த வாரமே வாய், தாடை அறுவை நிபுணரைப் பாருங்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், கத்தி எடுப்பது அபூர்வம். சீக்கிரம் போனால் விடுவிப்பதும் சுலபம்.

மாத்திரையை யார் எழுதிக் கொடுத்தது? கடைக்காரரா? போதும், நிறுத்துங்கள். காலரையும் கழற்றுங்கள், அது கழுத்துத் தசையைச் சோம்பேறியாக்கும். பல்லை ராவிக் 'கடி' சரிசெய்கிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், ராவிய பல் திரும்ப வளராது. வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். ஒரு மாதம் முறுக்கு, சூயிங்கம் வேண்டாம். அப்புறம், உதடு மூடியிருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக் கூடாது. அடுத்த நோட்டுக் கட்டைத் திருத்தும்போது கவனியுங்கள், அநேகமாகப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருப்பீர்கள்.