கண்ணில் மிச்சமிருக்கும் சாறு

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன வாரம் ஷேக்ஸ்பியரின் 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகம் பார்த்தேன். தூங்கும்போது கண்ணில் இட்டால் எழுந்ததும் முதலில் பார்ப்பவர்மேல் காதல் வரவைக்கும் ஒரு பூச்சாற்றை, பக் என்ற குறளி ஆள் மாற்றிப் பிழிந்துவிட, காதலர்கள் ஜோடி மாறி அடித்துக்கொண்டபோது அரங்கமே சிரித்தது. நானும்தான். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு கேள்வி விடவில்லை. ஹெர்மியாவின் காதலன் லைசாண்டருக்கு மாற்று மருந்து தருகிறார்கள். அவள் பின்னாலேயே சுற்றிய டெமெட்ரியஸுக்குக் கடைசிவரை தரவே இல்லை. அந்த மயக்கத்தோடுதான் ஹெலெனாவைக் கல்யாணம் செய்துகொள்கிறான். இதை எப்படி மங்களமான முடிவு என்று ஏற்பது? ஷேக்ஸ்பியர் மறந்துவிட்டாரா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மறக்கவில்லை. மாற்று மூலிகையைக் கொடுக்கும்போது 'லைசாண்டரின் கண்ணில் பிழி' என்று பெயர் சொல்லித்தான் தேவதைகளின் அரசன் ஓபரான் பக்கை அனுப்புகிறான். டெமெட்ரியஸின் கண்ணில் சாறு இட்டது ஓபரானேதான். அது அப்படியே இருக்கட்டும் என்பது அவன் முடிவு.

இதற்கு நாடகமே ஒரு சமாதானம் வைத்திருக்கிறது. டெமெட்ரியஸ் முன்பு ஹெலெனாவைத்தான் காதலித்தான் என்று முதல் காட்சியிலேயே லைசாண்டர் போட்டு உடைக்கிறான். நான்காம் அங்கத்தில் டெமெட்ரியஸும் அதை ஒப்புக்கொள்கிறான். நோயில் கசந்த உணவு உடம்பு தேறியதும் மறுபடி ருசிப்பதுபோல அவள்மேல் ஆசை திரும்பிவிட்டதாம். அப்படியானால் அவன் ஹெர்மியா பின்னால் போனதுதான் நோய், சாறு மருந்து. அந்த நோய் வர எந்தப் பூவும் தேவைப்படவில்லை. ஏறக்குறைய இதே காலத்தில், 1595 வாக்கில், எழுதிய ரோமியோ ஜூலியட்டிலும் ரோசலினுக்காக ஏங்கிக்கொண்டு விருந்துக்குப் போன ரோமியோ ஜூலியட்டைப் பார்த்த கணத்தில் மாறிவிடுகிறான். அங்கே ஏது சாறு?

சரி, ஆனாலும் இந்தச் சமாதானம் எனக்கு முழுசாகப் போதவில்லை. காரணம் லைசாண்டர். ஹெர்மியாவிடம் சாகும்வரை உன்னோடுதான் என்று சொல்லிவிட்டுத் தூங்குகிறான். எழுந்து ஹெலெனாவைப் பார்த்ததும் அவன் பேசுவது அறிவைப் பற்றி! மனிதனின் விருப்பத்தை அறிவுதான் ஆள்கிறது, நீயே மேலானவள் என்று என் அறிவு சொல்கிறது என்கிறான். இத்தனை நாள் பக்குவமில்லாத வயது, இப்போதுதான் அறிவு முதிர்ந்தது என்று விளக்கம் வேறு. ஆசையோடு அதற்கான நியாயத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறது அந்தச் சாறு. அப்புறம் டெமெட்ரியஸ் சொல்லும் நியாயத்தை மட்டும் எப்படி நம்புவது? மயக்கத்தில் இருப்பவனுக்குத் தான் தெளிவாக இருப்பதாகவே தோன்றும். இந்த நாடகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடமும், உண்மையிலேயே பயம் தருகிற இடமும் இதுதான்.

நெசவாளி பாட்டம் மட்டும்தான் இதைச் சரியாகச் சொல்கிறான். கழுதைத் தலையோடு நிற்கும் தன்மேல் ஓபரானின் மனைவி டைட்டானியா அதே சாற்றின் மயக்கத்தில் காதலைக் கொட்டும்போது, அதற்கு உங்களுக்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லையே அம்மா, இந்தக் காலத்தில் அறிவும் காதலும் அவ்வளவாகச் சேர்ந்திருப்பதில்லை என்கிறான்.

ஹெலெனாவுக்கும் தெரிந்திருக்கிறது. டெமெட்ரியஸ் கிடைத்ததைக் கண்டெடுத்த நகையோடு ஒப்பிட்டு, என்னுடையது, ஆனால் என்னுடையது இல்லை என்கிறாள். கண்டெடுத்த நகையைக் கேட்டு யாரும் எப்போதும் வரலாம். ஐந்தாம் அங்கத்தில் பாட்டம் கோஷ்டி நாடகம் போட, மாப்பிள்ளைகள் விடாமல் கிண்டலடிக்கிறார்கள். ஹெலெனாவுக்கும் ஹெர்மியாவுக்கும் ஒரு வரி வசனம்கூடக் கிடையாது. நீங்கள் பார்த்த ஹெலெனா அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்? ஒரு நல்ல நடிகையால் அங்கே சும்மா உட்கார்ந்தே உங்கள் கேள்வியை மேடையில் கேட்டுவிட முடியும்.

டெமெட்ரியஸைவிட என்னை அதிகம் உறுத்துவது டைட்டானியாவின் கதை. அவளிடம் இருக்கும் இந்தியச் சிறுவன் அவள் தோழியின் பிள்ளை. கர்ப்பிணியான அந்தத் தோழியும் அவளும் கடற்கரையில் உட்கார்ந்து, காற்றில் வயிறு பெருத்த பாய்மரங்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். பிரசவத்தில் தோழி இறந்துபோனாள். ஓபரான் அந்தச் சிறுவனைக் கேட்கும்போது, அவளுக்காகவே இவனை வளர்க்கிறேன், தரமாட்டேன் என்கிறாள் டைட்டானியா. ஓபரான் சாறு இட்டு, அவள் கழுதைத் தலையனிடம் மயங்கிக் கிடக்கும் நேரத்தில் பிள்ளையைக் கேட்கிறான், அவளும் கொடுத்துவிடுகிறாள். வாங்கிக்கொண்ட பிறகுதான் மயக்கம் தெளிவிக்கிறான். தெளிந்தவள் அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

1970இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் பீட்டர் புரூக் இதை மேடையேற்றியபோது ஏதென்ஸின் கோமகன் தீசியஸாகவும் ஓபரானாகவும் ஒரே நடிகர் நடித்தார். தீசியஸின் மணப்பெண் ஹிப்போலிட்டாவும் டைட்டானியாவும் ஒரே நடிகை. உன்னை வாளால் வென்றேன் என்று மணப்பெண்ணிடம் சொல்கிறவனுக்கும், சாற்றால் மனைவியை வழிக்குக் கொண்டுவருகிறவனுக்கும் ஒரே முகம் என்பது எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. டெமெட்ரியஸ் எதையும் இழக்கவில்லை, எஸ். டைட்டானியா இழந்திருக்கிறாள். இரண்டாம் அங்கத்தின் முதல் காட்சியில் தோழியைப் பற்றி அவள் பேசுவதைப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.