1958 ஹேமண்டா, 1970 ஹேமண்டா?

கேள்வி: டொரான்டோவுல இருக்கேன். இங்க ஒரு சர்ச்சுல ஹேமண்ட் சி-3 ஆர்கன் விக்கிறாங்க, 1958ல செஞ்சது. இன்னொருத்தர்கிட்ட அதே சி-3, 1970 மாடல், விலையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். கடைக்காரர் ஒருத்தர் ரெண்டும் வேணாம், ஹேமண்டோட எலக்ட்ரானிக் மாடல் பி-3000 வாங்குங்க, பராமரிப்பே கிடையாதுங்கறார். ரெண்டு வருஷத்துல திருச்சிக்கு வந்து செட்டிலாகப் போறேன், ஆர்கனும் கூட வரணும். எதை வாங்கலாம்?
— வாசகர், டொரான்டோ

பதில்: மொதல்ல கடைக்காரரை ஓரங்கட்டிடுவோம். பி-3000 பேர்ல 3 இருக்கே தவிர உள்ள இருக்கறது சிப்பு. சி-3ல இருக்கறது ஒரு மோட்டார், அது சுத்தி விடற 91 இரும்புச் சக்கரம், ஒவ்வொண்ணு பக்கத்துலயும் ஒரு காந்தக் கம்பி, அதுல சுத்துன காயில், அவ்ளோதான். கட்டையை அழுத்துனதும் 'டிக்'குன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, இந்த ஆர்கனைக் கண்டுபிடிச்ச லாரன்ஸ் ஹேமண்ட் அதைக் குறைன்னு நெனச்சாரு, ஜாஸ் வாசிச்சவங்க அதுக்காகவே வாங்குனாங்க.

சி-3யும் ஹேமண்டோட இன்னொரு பிரபல மாடலான பி-3யும் உள்ள ஒரே மெஷின்தான், மரப்பெட்டி மட்டும் வேற. 1974 வரைக்கும் பெரிய மாத்தமே இல்லாம செஞ்சாங்க, ஆனா ரெண்டு சின்ன விஷயம் மாறிச்சு, உங்க கேள்விக்குப் பதில் அதுலதான் இருக்கு. பழசுல மெழுகு பூசுன பேப்பர் கெப்பாசிட்டர், வருஷம் போகப்போக ஈரம் குடிச்சு மதிப்பு ஏறிடும், மேல் ஸ்தாயி மங்கி ஒரு மாதிரி குழைவா கேக்கும். 1960கள் நடுவுல மைலார்ங்கற பிளாஸ்டிக் கெப்பாசிட்டருக்கு மாறினாங்க, அது இன்னிக்கும் பளிச்சுன்னு கேக்கும். சிலருக்கு மங்கல்தான் பிடிக்கும், எனக்கும் அப்படித்தான். மங்கல் ஜாஸ்தியா இருந்தா கெப்பாசிட்டரை மாத்திக்கலாம், அது செய்யக்கூடிய வேலை. ரெண்டாவது விஷயம்தான் ஆபத்து, பிந்தைய மாடல்ல கட்டைக்குள்ள வெச்ச ஃபோம் காலப்போக்குல பிசுபிசுன்னு கரைஞ்சு மெல்லிசு கம்பியை எல்லாம் அரிச்சுடும், ஒரு கட்டைக்கு ஒம்போது கான்டாக்ட்டு, எத்தனை கம்பின்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. அதனால என் ஓட்டு 1958க்கு. 1970தான் வேணும்னா ஒவ்வொரு ட்ராபாரா (நாதத்தைக் கலக்க முன்னால இழுக்கற பட்டை) இழுத்து ஒவ்வொரு கட்டையா அழுத்திப் பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க.

இப்போ திருச்சி. ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டா போதும்னு எல்லாரும் சொல்லுவாங்க, அது வோல்ட்டை மட்டும்தான் குறைக்கும். இந்த மோட்டார் கரண்ட்டோட ஹெர்ட்ஸைப் பாத்து சுத்தறது, கனடாவுல 60, நம்மூர்ல 50. வேகம் ஆறுல ஒரு பங்கு குறைஞ்சிடும், நீங்க ஒரு கட்டை (C) சுருதியில கை வெச்சா கீழ ஆறு கட்டை (A) சுருதியில கேக்கும், அதுவும் சுத்தமா நிக்காம கொஞ்சம் இறங்கி. 60 ஹெர்ட்ஸ் தர்ற ஃப்ரீக்வன்ஸி கன்வெர்ட்டர் வேணும், அந்தச் செலவையும் இப்பவே கணக்குல சேத்துக்கோங்க.

பாக்கப் போறப்போ ஸ்டார்ட் சுவிட்ச எட்டு செகண்ட் பிடிங்க, அதை விடாமலே ரன் சுவிட்சையும் போட்டு இன்னொரு நாலு செகண்ட் கழிச்சு ஸ்டார்ட்டை விடுங்க. சக்கரம் வேகம் பிடிக்காம முனகினா எண்ணெய் காஞ்சு போச்சுன்னு அர்த்தம், கையில கிடைச்ச எண்ணெயை விடாதீங்க, இதுக்குன்னே ஹேமண்ட் ஆயில் இருக்கு. சர்ச்சு ஆர்கன்னா அந்த டப்பா பெரும்பாலும் உக்கார்ற பெஞ்சுக்குள்ளதான் கிடக்கும், மூடியைத் தூக்கிப் பாருங்க.