விரிவுரை புரியவில்லை, கட்டுரை வரவில்லை: வெளிநாட்டு மாணவர்களின் ஆங்கிலக் கேள்விகள்

பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆங்கில உதவி வகுப்பு எடுக்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் ஒன்பதுக்கு 7 வாங்கினேன். ஆனால் விரிவுரையில் பாதிதான் புரிகிறது. என் ஆங்கிலம் அவ்வளவு மோசமா?

இல்லை. அந்த 7 நீங்கள் உழைத்து வாங்கியது. தேர்வில் சுமார் அரை மணி நேரப் பதிவைக் கேட்கிறீர்கள். கேள்விகள் கையிலேயே இருப்பதால் எதைக் கவனிக்க வேண்டும் என்று முன்பே தெரியும். வகுப்பில் அந்த வசதி ஏது? ஒரு மணி நேரம் புதுக் கலைச்சொற்கள், பழகாத உச்சரிப்பு, நடுவில் ஆசிரியர் சொல்லும் கிளைக்கதை வேறு.

அன்றாடப் பேச்சுக்கான மொழி வேறு, படிப்புக்கான மொழி வேறு என்று மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-லேயே பிரித்துக் காட்டினார். குடியேறிய பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேச்சு இரண்டு ஆண்டுக்குள் வந்துவிடுகிறது. படிப்பு மொழியில் மற்றவர்களை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகிறது என்றார். நீங்கள் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை!

முந்தைய நாளே ஸ்லைடைப் பார்த்து, பத்துக் கலைச்சொற்களின் உச்சரிப்பைக் கேட்டுவிட்டுப் போங்கள். படித்தால் தெரியும் சொல்லைக்கூடக் காது தவறவிடும். வகுப்பில் ஒவ்வொரு சொல்லையும் துரத்த வேண்டாம். ‘ஹவெவர்’, ‘த மெயின் பாயின்ட் இஸ்’ போன்றவை வரும் இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பேச்சு திரும்புவது அங்கேதான்.

வகுப்பின் பதிவை மறுபடி முழுவதும் கேட்கலாமா?

வேண்டாம், களைத்துப்போவீர்கள். புரியாமல் போன ஐந்து நிமிடத்தை மட்டும் கேளுங்கள்.

எந்தச் சொற்களை முதலில் படிப்பது?

மொழியியலாளர் ஏவ்ரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) உண்டு. பாட நூல்களில் வரும் சொற்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று அவற்றைச் சேர்ந்தது. அதற்காகப் பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். உங்கள் பாட நூலில் அந்தச் சொல் எதிர்ப்படும்போது, பக்கத்துச் சொல்லோடு சேர்த்து எழுதி வையுங்கள். ‘எவிடென்ஸ்’ மட்டும் தெரிந்தால் போதாது. ‘ஸ்ட்ராங் எவிடென்ஸ்’, ‘ப்ரொவைட் எவிடென்ஸ்’ என்று தெரிந்தால்தான் எழுத வரும்.

(ஒரு விரிவுரையாளர் கேட்டது) என் மாணவியின் கட்டுரையில் வரிக்கு வரி பிழை. எல்லாவற்றையும் திருத்தட்டுமா?

தயவுசெய்து வேண்டாம். தாள் முழுக்கச் சிவப்பாக இருந்தால் அவர் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைத்துவிடுவார். முதலில் அவருடைய வாதத்துக்குப் பதில் எழுதுங்கள். அப்புறம், பொருளையே மாற்றிவிடும் பிழைகளில் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருகிற ஒன்றிரண்டைக் காட்டினால் போதும். ‘ஏ’ (a), ‘த’ (the) விடுபடுவது கடைசியில் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். பல மொழிகளில் அவற்றுக்கு நேரான சொல்லே கிடையாது. அது பழக ஆண்டுகள் ஆகும்.

கட்டுரையில் ஒரு நூலின் பத்தியைச் சில சொற்களை மாற்றித்தான் எழுதினேன். திருட்டு என்கிறார்கள். ஏமாற்றும் எண்ணமே எனக்கு இல்லை.

நம்புகிறேன். புதிய துறையின் மொழிக்குள் நுழைகிற பலரும் கடக்கிற கட்டம் இது. எழுத்துக் கல்வி ஆய்வாளர் ரெபெக்கா மூர் ஹவர்ட் இதற்கு ‘பேட்ச்ரைட்டிங்’ (ஒட்டுப்போட்டு எழுதுவது) என்று பெயர் வைத்து, ஏமாற்று வேலையோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது என்று வாதிட்டார். ஆனால் பல்கலைக்கழக விதிகள் அப்படிப் பார்ப்பதில்லை. அதனால் எழுதும் முறையை மாற்றுங்கள். பத்தியைப் படித்துவிட்டு மூடிவையுங்கள். அது என்ன சொல்கிறது என்று தோழியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னதை எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டு, யார் எழுதியது என்பதையும் குறிப்பிடுங்கள். சொல்ல வரவில்லையா? எழுதும் நேரம் இன்னும் வரவில்லை, மறுபடி படியுங்கள்.

நண்பர்களோடு தாய்மொழியில் பேசுவதை நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்தட்டுமா?

நிறுத்தாதீர்கள். கடினமான கருத்தை முதலில் தாய்மொழியில் அலசுங்கள், பிறகு அதையே ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். என் வகுப்பில் இப்படிச் செய்யும் குழுக்கள்தான் ஆழமான கேள்விகளோடு வருகின்றன. கூடவே, வாரம் ஒருமுறையாவது ஆசிரியரின் சந்திப்பு நேரத்தில் ஒரே ஒரு கேள்வியோடு போங்கள். அதை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போகலாம். பார்த்து வாசித்தாலும் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.