மாட்சா, காப்பி, பால்: கரையோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகள்

பச்சைத் தேயிலைப் பொடியான மாட்சாவைக் கரைத்து, எஸ்பிரெஸ்ஸோவும் (மெஷினின் அழுத்தத்தில் இறக்கும் திடமான காப்பி) பாலும் சேர்த்துக் குடிப்பதற்குக் காப்பிக் கடைகளில் ‘டர்ட்டி மாட்சா’ என்று பெயர். பச்சையும் பழுப்பும் கலந்து கலங்கல் நிறமாகிவிடுவதால் வந்த பெயர், மற்றபடி அழுக்கு ஒன்றும் இல்லை. இதை வீட்டில் போடுவது பற்றி இராமநாதபுரம் கரையோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். பலரும் கருவி இல்லையே என்று வருந்தியிருக்கிறார்கள். கடிதங்களைப் படித்தால் கோளாறு பெரும்பாலும் தண்ணீரிலும் காற்றின் ஈரத்திலும்தான் இருக்கிறது.

சிங்கப்பூரிலிருந்து மச்சான் 30 கிராம் மாட்சா டப்பா கொண்டுவந்திருக்கிறார். வீட்டில் எஸ்பிரெஸ்ஸோ மெஷின் கிடையாது, பித்தளை ஃபில்டர்தான் உண்டு. அதை வைத்துப் போட முடியுமா? அளவோடு சொல்லுங்கள்.
— வாசகி, கீழக்கரை

தாராளமாகப் போடலாம். முதலில் டிகாஷனுக்கு வைத்துவிடுங்கள், அதற்குத்தான் நேரம் பிடிக்கும். ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் 20 கிராம் காப்பிப் பொடி (தலைதட்டி நான்கு மேசைக்கரண்டி) போட்டு, தட்டை வைத்து லேசாக அழுத்தி, கொதித்து அடங்கிய நீர் 100 மி.லி. ஊற்றுங்கள். பொடி தன் எடையைப் போல இரு மடங்கு நீரை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் கீழே இறங்குவது 60 மி.லி. அளவுதான். இது இரண்டு டம்ளருக்குச் சரி. மெஷினில் 9 பார் அழுத்தத்தில் 18 கிராம் பொடியிலிருந்து 25–30 விநாடியில் 36 கிராம் காப்பி இறங்கும். அந்த அழுத்தமும் பொன்னிற நுரையும் ஃபில்டரில் வராது. ஆனால் பாலைத் தாண்டி நாக்குக்கு எட்டும் திடம் முதல் டிகாஷனில் இருக்கிறது. இரண்டாம் டிகாஷன் இதற்கு ஆகாது.

பொடியில் சிக்கரி எத்தனை விழுக்காடு என்று பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும், பாருங்கள். 40 விழுக்காடு சிக்கரி கலந்த பொடி பால் காப்பிக்கு ருசிதான். இங்கே அதன் கருகிய இனிப்பு மாட்சாவை அமுக்கிவிடும். சிக்கரி இல்லாத பொடி நல்லது. கிடைக்காவிட்டால் 20 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும்.

அடுத்து மாட்சா. தலைதட்டி ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 2 கிராம். அதை டீ வடிகட்டியில் போட்டு அகலக் கிண்ணத்தில் சலித்துக்கொள்ளுங்கள். சலிக்காமல் விட்டால் பிறகு எவ்வளவு அடித்தாலும் கட்டி கரையாது. நீர் 60 மி.லி., சூடு 70 முதல் 80 டிகிரி. வெப்பமானி வேண்டாம்: கொதிக்கும் நீர் 40 மி.லி.யோடு அறையில் இருந்த நீர் 20 மி.லி. சேர்த்தால், நம் ஊர் 30 டிகிரிக்கு அது 77 டிகிரி ஆகிவிடும். கொதிநீரை நேரே ஊற்றினால் துவர்ப்பு தூக்கலாகி, வெந்த கீரை வாடை வரும். முதலில் இரண்டு தேக்கரண்டி நீர் விட்டுக் களி போலக் குழைத்து, மீதியை ஊற்றி, மாட்சா அடிக்கும் மூங்கில் மத்தால் மணிக்கட்டை மட்டும் அசைத்து முன்னும் பின்னும் 20 விநாடி வேகமாக அடியுங்கள். வட்டமாகக் கலக்கினால் நீர் சுழலுமே தவிர நுரை எழாது. மூங்கில் மத்து இல்லாதவர்களுக்கு பேட்டரியில் ஓடும் சிறிய நுரைப்பான் போதும்.

பாலை நேராக மாட்சாவில் ஊற்றிக் கரைக்க வேண்டாம், திரிதிரியாக நிற்கும். நீரில் கரைத்த பிறகே பால்.

பால் 150 மி.லி., சர்க்கரை ஒன்றரை தேக்கரண்டி. காய்ச்சிய பாலை 60–65 டிகிரிக்கு ஆறவிடுங்கள். பாத்திரத்தின் வெளியே கை வைத்தால் இரண்டு விநாடிக்கு மேல் பொறுக்க முடியாது, அந்தச் சூடு. டபராவில் நாலைந்து முறை தூக்கி ஆற்றினாலே நுரை வந்துவிடும். டம்ளரில் மாட்சா, அதன் மேல் பால், கடைசியில் டிகாஷன் 30 மி.லி. இந்த 30-ஐத் தாண்ட வேண்டாம். காப்பி பலசாலி, மாட்சா சாது. 50 மி.லி. ஊற்றினால் பச்சை நிறம் கொஞ்சம் தெரியும், ருசி தெரியாது. விலை கொடுத்து வாங்கிய மாட்சா வீண்.

புது டப்பாவைத் திறந்ததும் கடற்பாசி வாடை அடிக்கிறது. கெட்டுப்போனதா? கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
— வாசகர், மண்டபம்

பாசி வாடை வந்தால் சந்தோஷப்படுங்கள். மாட்சாவுக்கான தேயிலைச் செடியைப் பறிப்புக்கு முன் மூன்று வாரம் அளவில் பந்தல் போட்டு நிழலில் வைக்கிறார்கள். நிழலில் இலை கடும் பச்சையாகும், துவர்ப்பு குறையும், டைமெத்தில் சல்ஃபைடு என்ற மணப்பொருளும் கூடும். கடற்பாசியின் மணத்திலும் இருப்பது அதே பொருள்தான். பாம்பன், சின்னப்பாலம் பக்கம் பாசி காயும் மணலில் நடந்தவர்களுக்கு இது புது மணமே அல்ல.

கெட்டதற்கு அடையாளம் வேறு. வைக்கோல் வாடை, மஞ்சளோடிய அல்லது காக்கி நிறம், நாக்கில் நெறுநெறுப்பு. விரலில் தேய்த்தால் டால்கம் பவுடர் போல வரிகளுக்குள் இறங்க வேண்டும். வெறும் கிரீன் டீயை மிக்ஸியில் அரைத்தது மணல் போல நிற்கும், அது மாட்சா ஆகாது. டப்பாவில் ‘செரிமோனியல்’ என்று போட்டிருப்பதை நம்பிக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். அந்தச் சொல்லுக்குச் சட்டப்படியான தர அளவு ஜப்பானிலும் இல்லை. பின்பக்கத்தில் பொருட்களின் பட்டியலைப் படியுங்கள்: சர்க்கரை, பால் பவுடர் என்று முதலில் வந்தால் அது கலவை.

என்ன செய்தாலும் பச்சை மங்கிவிடுகிறது. மேலே மெல்லிய ஏடு படிகிறது. சில நாள் குடித்து முடித்ததும் கரிப்பு. பொடி நல்ல பொடிதான்.
— வாசகி, சாயல்குடி

பொடியைக் குறை சொல்ல வேண்டாம், தண்ணீரைப் பாருங்கள். போர் தண்ணீரில் இரண்டு தொல்லைகள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று கடினத்தன்மை: கால்சியம் பைகார்பனேட் தேயிலையின் துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து அந்த ஏட்டை உண்டாக்கும், நிறத்தையும் மங்க வைக்கும். மற்றது உப்பு. நன்றாகக் கொதிக்கவைத்துத் தெளியவிட்டால் கடினத்தன்மையில் ஒரு பகுதி வெள்ளைப் படிவாக அடியில் தங்கும், மேல் நீரை இறுத்துக்கொள்ளலாம். உப்பு அப்படிப் போகாது. கொதிக்கக் கொதிக்க நீர் வற்றி உப்பு கூடத்தான் செய்யும்.

காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் வீடுகளில் அதைப் பயன்படுத்துங்கள். குளோரின் வாடை இருந்தால் இரவு முழுதும் வாயகன்ற குடத்தில் துணி கட்டி வைத்தால் குறையும். அது வராத நாளில் கேன் தண்ணீர். டி.டி.எஸ். மீட்டர் வைத்திருப்பவர்கள் 50 முதல் 150-க்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அறவே உப்பு நீக்கிய நீரில் காப்பி தட்டையாகிப் புளிப்பு மட்டும் தூக்கலாக வரும். அப்படியானால் கேன் தண்ணீர் நாலு பங்குக்குக் குழாய்க் குடிநீர் ஒரு பங்கு சேர்க்கலாம்.

பலர் மறந்துவிடுவது ஐஸ் கட்டி. மாட்சாவுக்குக் கேன் தண்ணீர், ஐஸ் தட்டில் போர் தண்ணீர் என்றால் கரையக் கரையக் கரிப்பு வரும். உங்களுக்குக் குடித்து முடித்ததும் தெரியும் கரிப்பு அநேகமாக அதுதான். மீனுக்கு வாங்கும் பார் ஐஸை உடைத்துப் போடும் யோசனை யாருக்காவது இருந்தால் வேண்டாம், அது குடிப்பதற்கான நீரில் செய்ததாக இருக்க வேண்டியதில்லை.

டப்பா திறந்து பதினைந்து நாளில் பொடி கட்டி கட்டியாகிவிட்டது. ஃபிரிட்ஜில்தான் வைத்திருந்தேன்.
— வாசகர், தங்கச்சிமடம்

ஃபிரிட்ஜில் வைத்தது சரி. அங்கிருந்து எடுத்த கையோடு திறந்ததுதான் தவறு. குளிர்ந்த பொடியின் மேல் கடற்காற்று பட்டதும், குளிர்ந்த சோடா பாட்டிலின் வெளியே வேர்ப்பது போல, ஈரம் படியும். தினம் ஒரு முறை இப்படி வேர்த்தால் பதினைந்து நாள் போதும்.

டப்பா வந்த அன்றே ஒரு வாரத்துக்கான 14 கிராமைச் சிறு எவர்சில்வர் டப்பாவில் பிரித்து, இறுக மூடி, அடுப்பிலிருந்து தள்ளி, வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள். கண்ணாடிப் புட்டி அழகுதான், ஆனால் வெளிச்சத்தில் பச்சை வெளுக்கும். மீதி, மூடிய உறையோடு ஃபிரிட்ஜில் இருக்கட்டும். அடுத்த வாரம் எடுக்கும்போது இரண்டு மணி நேரம் மூடியபடியே வெளியே வைத்து, டப்பாவின் வேர்வை காய்ந்த பிறகு திறக்க வேண்டும். கருவாடும் மசாலாவும் இருக்கும் தட்டில் வைக்காதீர்கள், மாட்சா எல்லா வாடையையும் வாங்கிக்கொள்ளும். திறந்த டப்பாவை ஒன்றரை மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. இப்போதைய கட்டிகள் ஈரமில்லாமல் உதிர்ந்தால் சலித்துப் பயன்படுத்தலாம். பூசண வாடை இருந்தால் கொட்டிவிடுங்கள்.

மோக்கா பாட் (அடுப்பில் வைத்து நீராவி அழுத்தத்தில் காப்பி இறக்கும் பாத்திரம்) வாங்கினேன். காப்பி கருகிய கசப்பாக வருகிறது. ஆறு மாதத்தில் கீழ் அறையில் வெள்ளைப் புள்ளிகள், சிறு குழிகள்.
— வாசகர், தேவிபட்டினம்

கசப்புக்குக் காரணம் பெரிய தீ, அல்லது கடைசி வரை விட்டுவைப்பது. கீழ் அறையில் வால்வுக்குச் சற்றுக் கீழே வரை சூடான நீர் ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அது கொதிக்கும் வரை பொடி காய்ந்துகொண்டே இருக்கும். பொடியைத் தலைதட்டி நிரப்புங்கள், அழுத்தக் கூடாது. சிறு தீயில் வைத்து, மேல் அறையில் காப்பி வெளிறி ‘களகள’ என்ற சத்தம் தொடங்கியதும் இறக்கி, அடியைக் குளிர்ந்த நீரில் காட்டுங்கள். அந்தச் சத்தத்துக்குப் பின் வருவதுதான் கருகல். இதிலும் ஒரு டம்ளருக்கு 40 மி.லி.க்கு மேல் எடுக்க வேண்டாம்.

வெள்ளைப் புள்ளி உப்புத் தண்ணீரின் வேலை. அலுமினியத்தை உப்பு அரிக்கும், குழி விழுந்தது அதனால். கழுவுவதையும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, மூன்று பாகத்தையும் தனித்தனியே காயவையுங்கள். புளி, சாம்பல், கம்பி நார் கூடாது. முக்கியமாக, பாதுகாப்பு வால்வின் நடு ஊசி அசைகிறதா என்று அவ்வப்போது அசைத்துப் பாருங்கள். படிவு அடைத்து இறுகிப்போயிருந்தால் அந்தப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றவே கூடாது, அழுத்தம் வெளியேற வழியிருக்காது. அடுத்த முறை எவர்சில்வரில் வாங்குங்கள், நம் கரைக்கு அதுவே தாங்கும்.

படங்களில் பச்சை, வெள்ளை, பழுப்பு என்று மூன்று அடுக்காக நிற்கிறதே! எனக்கு ஊற்றியதுமே சாணி கரைத்த மாதிரி ஆகிவிடுகிறது.
— கல்லூரி மாணவி, ராமேசுவரம்

எடை கூடியது அடியில், குறைந்தது மேலே, அவ்வளவுதான் சூட்சுமம். சர்க்கரை முழுவதையும், இரண்டு தேக்கரண்டி, மாட்சாவில் கரைத்துவிடுங்கள். மாட்சாவுக்கு நீர் 40 மி.லி. போதும். அதை டம்ளரின் அடியில் ஊற்றி, விளிம்பு வரை ஐஸ் நிரப்பி, குளிர்ந்த பால் 120 மி.லி.யை ஒரு ஐஸ் கட்டியின் மேல் மெல்ல விடுங்கள். கடைசியில் சூடான டிகாஷனைக் கரண்டியின் முதுகில் சொட்டுச் சொட்டாக ஊற்றினால் மேலேயே நிற்கும். டிகாஷனில் சர்க்கரை போட்டிருந்தால் கனத்துக் கீழே இறங்கும். உங்கள் வீட்டில் நடப்பது அநேகமாக இதுதான். ஐஸ் குறைவாக இருந்தாலும் பால் வேகமாக விழுந்து எல்லாவற்றையும் கலக்கிவிடும். படம் எடுத்ததும் கலக்கிக் குடியுங்கள். அடுக்கடுக்காகக் குடித்தால் முதல் வாய் வெறும் காப்பி, கடைசி வாய் வெறும் பாகு. சாணி நிறம் வந்தே தீரும்.

எங்கள் பனங்காட்டுக் கருப்பட்டியைப் போடலாமா?
— வாசகர், பெரியபட்டினம்

போடலாம், ஆனால் எங்கள் ஓட்டு பனங்கற்கண்டுக்கு. கருப்பட்டியின் புகை மணம் காப்பியோடு கைகோத்துக்கொண்டு மாட்சாவை ஓரங்கட்டிவிடும். கருப்பட்டிதான் வேண்டும் என்றால் 100 கிராமை 60 மி.லி. நீரில் கரைத்து, மண் போக மெல்லிய துணியில் வடிகட்டி, ஒரு கொதி விட்டு ஆறவையுங்கள். டம்ளருக்கு இரண்டு தேக்கரண்டி. அடுப்பில் கொதிக்கும் பாலில் ஊற்றினால் திரியக்கூடும், இறக்கிய பிறகே சேருங்கள். அன்று காப்பியை 20 மி.லி.யாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. இரும்புச்சத்து மாத்திரை எடுக்கிறாள். இதைக் குடிக்க ஆசைப்படுகிறாள்.
— வாசகி, தொண்டி

2 கிராம் மாட்சாவில் 40 முதல் 80 மி.கி. கஃபீன் இருக்கும். காப்பியும் சேர்ந்தால் ஒரு டம்ளரில் 100 முதல் 150 மி.கி. வரை போகலாம். கர்ப்பிணிகளுக்கு ஒரு நாளைக்கு 200 மி.கி. என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் வைத்த வரம்பு, மற்ற பெரியவர்களுக்கு 400. ஆக இதைக் குடித்த அன்று வேறு டீ, காப்பி கிடையாது என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கிராம் மாட்சாவும் 15 மி.லி. டிகாஷனுமாகப் பாதி அளவில் போட்டுக் கொடுப்பது இன்னும் நல்லது.

கஃபீனை விட நாங்கள் கவலைப்படுவது மாத்திரையைப் பற்றி. தேயிலையின் துவர்ப்புப் பொருள் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைக் குறைத்துவிடும். மாட்சாவில் இலை முழுவதையுமே குடிக்கிறோம். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காப்பி வேண்டாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2024 உணவு வழிகாட்டியும் சொல்கிறது. மாத்திரைக்கு இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ரத்தசோகை இருப்பதாக டாக்டர் சொல்லியிருந்தால் அவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால்?
— வாசகர், பாம்பன்

ஐஸ் போட்டதற்குப் பொருந்தும், சூடாக வேண்டாம். சூட்டிலும் காப்பியின் புளிப்பிலும் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். முதல் பாலில் அதே அளவு நீர் சேர்த்து, குளிரவைத்து, டிகாஷனையும் ஆறவிட்டு ஊற்றுங்கள்.

மூங்கில் மத்தைச் சோப்புப் போட்டுக் கழுவலாமா?
— வாசகி, ஏர்வாடி

கூடாது, மூங்கில் சோப்பைக் குடித்துக்கொள்ளும். வெதுவெதுப்பான நல்ல நீரில் அடித்துக் கழுவி, கைப்பிடி கீழே இருக்க நிமிர்த்திக் காற்றில் காயவையுங்கள். ஈரத்தோடு டப்பாவில் மூடினால் கரையோர ஊரில் சில நாட்களிலேயே பூசணம் பிடித்துவிடும்.