ஆச்சியைக் கேளுங்க: பக்கத்து கிளாஸ்ல ஒரு அரை மணி நேரம்

கேள்வி: ஆச்சி, கல்லல் பக்கம் ஈராசிரியர் பள்ளியில வேலை பாக்குறேன். இன்னொரு டீச்சருக்கு மூணு வகுப்பு, எனக்கு நாலாவதும் அஞ்சாவதும். சாயங்காலம் ஆனா தொண்டை கட்டிக்குது. இதுல எமிஸ் வேற, பள்ளி விவரம் பிள்ளைங்க விவரம் எல்லாம் அரசு வெப்சைட்ல ஏத்துற வேலை. நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதே "அந்த என்ட்ரி போட்டாச்சா"ங்கிறதுதான். வீட்ல பிள்ளைங்க மேல எரிஞ்சு விழுறேன். என்ன பண்றது?

பதில்: மொதல்ல தொண்டையப் பாரும்மா. மேசை மேல தண்ணி பாட்டில் இருக்கட்டும், அமைதியாக்க கத்தாதீங்க, ரெண்டு தட்டு தட்டினா எல்லாரும் திருப்பித் தட்டணும்னு பழக்கிடுங்க. மூணு வாரத்துக்கு மேல கரகரப்பு இருந்தா காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட போயிடுங்க, சுக்குக் காப்பியிலயே ஓட்டாதீங்க (நான் ஓட்டினேன், பட்டேன்).

மத்தது தனிமை. நம்ம வேலையில அது விசித்திரமான தனிமை, சுத்தி அம்பது பிள்ளைங்க இருக்கும், ஆனா நாம பாடம் நடத்துறத பெரிய ஆள் யாரும் பாத்திருக்க மாட்டாங்க, பாத்தா அது இன்ஸ்பெக்‌ஷனா இருக்கும். நான் தேவகோட்டை பக்கம் இருந்தப்ப கூட இருந்த டீச்சர் ஒரு நாள் சும்மா வந்து என் கிளாஸ்ல பின்னாடி தரையில உக்காந்தாங்க. கடன் வாங்கிக் கழித்தல் நடத்துறேன், 402ல 178. ஒரு பய 376னு எழுதியிருக்கான். நான் வருஷக்கணக்கா அந்த மாதிரி விடைய "கவனமில்ல"னு சுழிச்சுட்டுப் போயிருக்கேன். அவங்க அவன் நோட்டையே பாத்துட்டு இருந்து, "டீச்சர், இவன் மேல கீழன்னு பாக்கல, எது பெருசோ அதுல இருந்து சின்னதக் கழிக்கிறான், மூணு கணக்குலயும் அதேதான்"னாங்க. அப்புறம்தான் எனக்கே உறைச்சது. மறுநாள் புளியங்கொட்டைய பத்துப் பத்தா பொட்டலம் கட்டி, ஒரு பொட்டலத்தப் பிரிக்க வச்சு சொல்லிக் குடுத்தேன், பய புரிஞ்சுக்கிட்டான்.

ஜப்பான்ல நூறு வருஷத்துக்கு மேல இப்படி செய்யுறாங்க, ஜுக்யோ கென்க்யூன்னு பேரு. சேந்து உக்காந்து பாடம் தயார் பண்ணி, ஒருத்தர் நடத்த மத்தவங்க பிள்ளைங்களப் பாப்பாங்க. ஆமா, பிள்ளைங்களத்தான், டீச்சர் சேலையையும் போர்டு எழுத்தையும் இல்ல.

ரெண்டே பேர் இருக்கிற பள்ளியில எப்படின்னு கேப்பீங்க. எண்ணும் எழுத்தும் திட்டத்துல பிள்ளைங்களோட கற்றல் நிலைய வச்சு அரும்பு மொட்டு மலர்னு பிரிச்சு, வகுப்பு கலந்து உக்கார வைக்கிறது பழகினதுதானே, வாரத்துல ஒரு நாள் அரை மணி நேரம் எல்லாரையும் ஒரே ஹால்ல வச்சு ஒருத்தர் நடத்துங்க, இன்னொருத்தர் நாலு பிள்ளைங்கள மட்டும் கவனிங்க. அன்னிக்கு சாப்பாட்டு நேரத்துல எமிஸ் பேச்சு எடுக்கக் கூடாது. இத எந்த ரிஜிஸ்டர்லயும் ஏத்தாதீங்க, ஏத்தினா அன்னிக்கே செத்துரும்.

கேள்வி: காரைக்குடியில சிபிஎஸ்இ ஸ்கூல் பிரின்சிபால் நான். ஸ்டாஃப் மீட்டிங்ல ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டேங்கிறாங்க ஆச்சி.

பதில்: நீங்க மொதல்ல பேசுறீங்க, அதான். கடைசியா பேசிப் பாருங்க. சர்க்குலர் எல்லாம் வாட்ஸ்அப்ல போட்டுட்டு, மீட்டிங்குக்கு ஆளுக்கு ஒரு பிள்ளையோட நோட்டு கொண்டு வரச் சொல்லுங்க. "இந்தத் தப்பு எனக்குப் புரியல"ன்னு மொத நோட்ட நீங்களே எடுத்து வைங்க. உங்க போர்டுல வருஷத்துக்கு 50 மணி நேரம் பயிற்சி கட்டாயம், அதுல பாதிய பள்ளியிலயே நடத்தலாமே, எல்லாத்துக்கும் வெளியூர் ஆளக் கூட்டிட்டு வந்து ஸ்லைடு காட்டணுமா?

கேள்வி: செப்டம்பர் 5க்கு என் பொண்ணோட டீச்சருக்கு என்ன கிஃப்ட் குடுக்கலாம்?

பதில்: பேனா வேணாம், வீட்ல ஒரு டப்பா நிறைய இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு "நாளைக்கு என்ன ஹோம்வொர்க் மேம்"னு மெசேஜ் போடுறத நிறுத்துங்க. கூட ஒரு டப்பா சீப்புச்சீடையும் குடுத்து விடுங்க, வேணாம்னு சொல்ல மாட்டாங்க.